ஆறாம் நம்பர் நல்ல ரத்தம்

— அந்த ஸ்டூல் வேண்டாம் தம்பி, ஒரு கால் ஆடும். இந்தப் பெட்டிய இழுத்துப் போட்டு உக்காருங்க. என் ரத்தத்துல என்னவோன்னு ஆரம்பிச்சீங்க, பாதியில நிறுத்திட்டீங்களே.

— கொஞ்சம் கைய நிறுத்திட்டுக் கேக்கறீங்களா அக்கா?

— கை பாட்டுக்குக் கழுவும், காது பாட்டுக்குக் கேக்கும். அஞ்சு மாடியிலேருந்தும் கண்ணாடிக் குடுவையா இறங்கிக் குவிஞ்சு கெடக்கு பாருங்க. பதினோரு மணிக்குள்ள எல்லாத்தையும் வேக வைக்கிற மிஷின்ல ஏத்தியாகணும். நீங்க சொல்லுங்க.

— அதாவது... உங்க ரத்தம் சரியா இல்ல.

— சரி.

— சரின்னா?

— சரின்னா சரிதான். வேற என்ன சொல்றது. நல்லா இருக்குன்னு நானும் நெனச்சுக்கல. யாரு பார்த்துச் சொன்னது?

— நான்தான் பார்த்தேன். போன வருஷம் நீங்க குடுத்த ரத்தத்துல.

— எதுல? நான் எத்தன பேருக்குக் குடுத்திருக்கேன். வருஷா வருஷம் உங்கள மாதிரி புதுசா ஒரு கூட்டம் ஆராய்ச்சி பழக வருது. வந்த முதல் வாரமே டப்பாவும் கையுமா இந்த அடித்தளத்துக்கு இறங்கிடுறீங்க. நோய் இல்லாத ஆளுங்க பத்துப் பேரு ரத்தம் வேணும்னு கேக்கறீங்க. வாட்ச்மேன், லிப்ட்காரரு, தோட்டக்காரரு, நாங்க. கேன்டீன்காரரு உங்க டப்பாவப் பார்த்தாலே கக்கூஸுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்குவாரு.

— எங்களுக்கு அதுதாங்க முதல் பயிற்சி. நோயாளி ரத்தத்தப் படிக்கணும்னா பக்கத்துல வெச்சுப் பார்க்க நல்ல ரத்தம் வேணும். வெளியில போய்த் தேடினா நாளாகும். அதனால கட்டடத்துல வேலை செய்யறவங்ககிட்டயே கேட்டு எடுத்துக்கறது வழக்கம்.

— எங்களுக்கு நோய் இல்லன்னு யாரு முடிவு பண்ணது?

— தினமும் வேலைக்கு வர்றாங்கல்ல, அப்ப நல்லாத்தான் இருப்பாங்கன்னு...

— அதுவும் நியாயம்தான். நோய் வந்தவ வேலைக்கு வரமாட்டா. வேலைக்கு வராதவகிட்ட நீங்க ரத்தம் எடுக்கமாட்டீங்க. அப்ப உங்க ஏட்டுல எங்காளுங்க எல்லாரும் எப்பவும் நல்லா இருப்போம். அந்தத் தட்ட இப்படி நகர்த்துங்க. ஆங்.

— அக்கா, நான் சொல்றது உங்களுக்குப் புரியுதா இல்லையான்னு தெரியல.

— புரியற மாதிரி சொல்லுங்க, புரிஞ்சுக்கறேன்.

— எலும்புக்குள்ள ரத்தம் தயாராகற இடம் ஒண்ணு இருக்கு. ஒரு பட்டறைன்னு வெச்சுக்குங்க. அணுவெல்லாம் அங்க முழுசா வளர்ந்து முடிஞ்ச பிறகுதான் வெளிய வரணும். உங்க ரத்தத்துல வளராத அணுவும் சேர்ந்து வெளிய வந்திருக்கு. நல்ல அணு எண்ணிக்கையில குறைஞ்சு போச்சு.

— அரைவேக்காட்டுல இறக்கின மாதிரி.

— ஆமா. ஏறக்குறைய அப்படித்தான்.

— எப்ப எடுத்த ரத்தம் அது?

— பதினோரு மாசம் ஆச்சு.

— ம்.

— ஏன் இப்ப வந்து சொல்றன்னு நீங்க கேக்கணும்.

— கேட்டா மட்டும்? நீங்க சொல்லத்தானே வந்திருக்கீங்க. அந்தப் பிரஷ்ஷ எடுத்துக் குடுங்க. அது இல்ல, மெல்லிசா இருக்கே, குழாய்க்குள்ள விடறது. ஆங்.

— நான் வந்த முதல் வாரம் அது. பத்து ட்யூப் எடுத்தேன். உங்களது ஆறாவது. கண்ணாடித் துண்டுல ஒரு சொட்டு தேய்ச்சு, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்ல வெச்சேன். பார்த்த உடனே தெரிஞ்சுச்சு. புத்தகத்துல போட்டிருக்கற படம் மாதிரியே இருந்துச்சு. ஆனா நான் முதல்ல என் கையத்தான் சந்தேகப்பட்டேன்.

— ஏன், கையில என்ன?

— அதுக்கு ரெண்டு நாள் முந்தித்தான் வார்டுலேருந்து வந்த ட்யூப்ல ரெண்ட மாத்தி வெச்சுட்டேன். பெரிய டாக்டர் எல்லாரையும் நிக்க வெச்சு அதச் சொன்னாரு. திட்டல. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. அதனால இதுவும் நம்ம வேலதான்னு நெனச்சேன். யாரோ நோயாளியோட ட்யூப் நல்ல ரத்தத்துக்கு நடுவுல கலந்துடுச்சு, நான்தான் கலந்துட்டேன்னு.

— புதுசா வர்றவங்க எல்லாரும் அப்படித்தான். குடுவை கீறலோட வந்தாலும் நாமதான் ஒடச்சோமோன்னு நானும் மொத வருஷம் பூரா பயந்துக்கிட்டே இருந்தேன். பெரிய டாக்டர்கிட்ட காட்டினீங்களா?

— காட்டினேன். அவரு எட்டிப் பார்த்தாரு. ஒம்பது பேரு ஒரே வரிசையில நிக்கறாங்க, ஒருத்தர் மட்டும் தள்ளி நிக்கறாருன்னா தப்பு ரத்தத்துல இருக்காதுப்பா, எடுத்தவன்கிட்ட இருக்கும், அத எடுத்துடுன்னாரு.

— எடுத்துட்டீங்க.

— எடுத்துட்டேன். ட்யூபக் கழிவுல போட்டேன். ஒம்பது பேர வெச்சே படம் போட்டு, கூட்டத்துல பேசினேன். பையன் நல்லாக் கத்துக்கறான்னு சொன்னாங்க. கை தட்டினாங்க.

— அந்த ட்யூபும் இங்கதான் வந்திருக்கும். வேக வெச்சு நான்தான் கொட்டியிருப்பேன்.

— அக்கா.

— சும்மா சொன்னேன். மேல சொல்லுங்க.

— வருஷக் கடைசியில ஒரு பயிற்சி உண்டு. ஒருத்தர் போட்ட கண்ணாடித் துண்ட இன்னொருத்தர் நம்பர் பார்க்காம படிக்கணும். என் கூட ஒரு பொண்ணு ஆராய்ச்சி பழகறா. ஆந்தைன்னு கூப்பிடுவோம், மைக்ராஸ்கோப்ப விட்டுக் கண்ண எடுக்கவே மாட்டா. அவகிட்ட என் பழைய பெட்டி போச்சு. நான் தூக்கிப் போட்டது ட்யூப மட்டும்தான். அந்தக் கண்ணாடித் துண்டு பெட்டியிலயே இருந்திருக்கு. அவ பார்த்துட்டு இது எந்த வார்டு ஆளு, உயிரோட இருக்காங்களான்னு கேட்டா. நோயாளியே இல்ல, ஏதோ கலந்துடுச்சுன்னேன். எதோட கலந்துச்சு, அன்னைக்கு இந்த மாதிரி நோயாளி வார்டுல யாரு இருந்தா, காட்டுன்னா. பதிவேட்டப் புரட்டினோம். அந்த வாரம் முழுக்க அந்த நோய்ல ஒருத்தரும் இல்ல. கலக்கறதுக்கு ஆளே இல்ல.

— அப்ப தெரிஞ்சு போச்சு.

— அப்பதான் தெரிஞ்சுச்சு. ஆனா ஆறாம் நம்பர் யாருன்னு எனக்குத் தெரியாது. நாங்க பேரு எழுதக் கூடாது. உங்க சட்டையில குத்தியிருக்கற அட்டை நம்பர மட்டும் ஒரு தாள்ல எழுதி, அத உறையில போட்டு, அரக்கு வெச்சு, அலுவலகத்துல பூட்டி வெச்சுடுவாங்க. உங்க நல்லதுக்குத்தான் அந்த விதி. அதப் பிரிக்கணும்னா ஒரு குழு கூடி அனுமதி குடுக்கணும். முதல் தடவ கூடினாங்க, வக்கீல் வரல. ரெண்டாவது தடவ வக்கீல் வந்தாரு, பெரிய டாக்டர் வெளியூரு. ஏழு வாரம் போச்சு.

— அவசரம்னு சொல்லலையா?

— சொன்னேன். நல்லா இருக்கற ஒரு ஆளப் போயி பயமுறுத்தினா யாரு பொறுப்புன்னு கேட்டாங்க. கடைசியில மறு பரிசோதனைக்கு வாங்கன்னு மட்டும் சொல்லலாம், அதுக்கு மேல ஒரு வார்த்த பேசக் கூடாதுன்னு எழுதிக் குடுத்தாங்க.

— நீங்க அதுக்கு மேலயே பேசிட்டீங்க.

— ஆமா.

— படிப்புப் போயிடுமா?

— தெரியல.

— அப்ப இந்தக் குழாய இன்னும் கொஞ்சம் தொறந்து விடறேன். தண்ணி சத்தத்துல வெளிய கேக்காது.

— உங்களுக்குக் கோபமே வரலையா அக்கா?

— வரும்னுதான் நானும் பார்க்கறேன். இன்னும் வரல. நெஞ்சு மரத்துப் போச்சோ என்னமோ. காலைல அஞ்சு மணிக்கு வந்தேன், இன்னும் ஒரு டீ கூடக் குடிக்கல. டீ குடிச்சா வருமோ.

— கொஞ்சம் கேள்வி கேக்கணும். உடம்பு எப்படி இருக்கு? சோர்வு இருக்கா?

— இருக்கு.

— எப்பலேருந்து?

— வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து.

— மூச்சு வாங்குதா? படி ஏறும்போது?

— தட்டு நெறயக் கண்ணாடியத் தூக்கிட்டு மாடி ஏறினா உங்களுக்கும் வாங்கும்.

— உடம்புல எங்கயாவது அடிபடாமலேயே நீலம் கட்டுதா?

— கட்டும். அடிபட்டுத்தான் இருக்கும், எங்க பட்டுச்சுன்னு யாரு பார்த்தா. இந்த முழங்கையப் பாருங்க, இது மிஷின் கதவு. இது வண்டி. இது என்னன்னு தெரியல.

— ராத்திரி தூக்கத்துல வேர்க்குதா?

— தம்பி, நீங்க நோயக் கேக்கறீங்களா, என் பொழப்பக் கேக்கறீங்களா? இதெல்லாம் நோய்னா இந்த அடித்தளம் மொத்தத்தையும் கட்டில்ல படுக்க வைக்கணும்.

— நூத்திப் பதினேழு. ஏய், நூத்திப் பதினேழு.

— இருக்கேன் சார்.

— மூணாவது மாடியில பாட்டில் கேட்டு ரெண்டு தடவ போன் வந்துடுச்சு. அங்க யாரு கூடப் பேச்சு?

— மேல படிக்கற டாக்டர் தம்பி சார். அவரு குடுவை ஒண்ணு காணோமாம், தேடிக்கிட்டு இருக்கோம்.

— வணக்கம் டாக்டர். எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்க, இதுங்ககிட்ட கேட்டு ஆகாது. நூத்திப் பதினேழு, பத்து நிமிஷத்துல தட்டு மேல போகணும்.

— போயிடும் சார்.

— சீக்கிரம் ஆகட்டும்.

— சூப்பர்வைசர் போயிட்டாரு. பேசுங்க.

— உங்கள நம்பர் சொல்லியா கூப்பிடறாரு?

— நீங்களும் நம்பர்தானே எழுதினீங்க. அவருக்கு அட்டைதான் ஆளு. தெனம் காலைல வாசல்ல அட்டைய மிஷின்ல காட்டணும், சத்தம் வந்தா ஆளு வந்துட்டதா அர்த்தம். சரி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லுங்க. எவ்வளவு நாளு?

— அப்படியெல்லாம் இல்லக்கா. அதச் சொல்லத்தான் நான் முக்கியமா வந்தேன். உங்க வயசு நாப்பத்தாறுன்னு அலுவலக ஏட்டுல இருந்துச்சு.

— இருக்கும். ஒண்ணு ரெண்டு கூடக் கொறய.

— இந்த வயசுல இது மெல்லப் போற வகை. முதல்ல மறுபடி ரத்தம் பார்க்கணும், எலும்புலேருந்து கொஞ்சம் எடுத்துப் பார்க்கணும். அப்புறம் மாத்திரை, மாசா மாசம் பரிசோதனை. அப்படியே பத்து வருஷம், பதினஞ்சு வருஷம் வேலை வெட்டியப் பார்த்துக்கிட்டு ஓட்டினவங்க எங்க வார்டுக்கு வந்துட்டுப் போறாங்க. பதினோரு மாசம் தள்ளிப் போனது தப்புதான். ஆனா கை மீறிப் போகல.

— அப்ப பொழச்சுக் கெடப்பேன்.

— கெடப்பீங்க. உங்ககிட்ட ஒண்ணு ஒத்துக்கணும். அந்த உறையப் பிரிக்கற வரைக்கும் எனக்குத் தூக்கம் இல்ல. ஏன்னா சின்ன வயசுக்காரங்களுக்கு இதே மாதிரி வந்தா அது வேற மாதிரி. இருபது வயசு, இருபத்தஞ்சு வயசுன்னா ஓட்டமா ஓடும். ஒரு வாரம்கூடச் சும்மா விடக் கூடாது. அவங்களப் பதினோரு மாசம் விட்டுட்டோம்னா... கேன்டீன்ல ஒரு பையன் குடுத்திருந்தான், லிப்ட்காரரோட தம்பி குடுத்திருந்தாரு. அவங்களா இருந்துடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு இருந்தேன். உறையப் பிரிச்சு, நூத்திப் பதினேழுன்னு பார்த்து, ஏட்டுல போயி வயசு நாப்பத்தாறுன்னு பார்த்ததும் மாடிப்படியிலயே உக்காந்துட்டேன். எனக்கு... சொல்லக் கூடாது, சந்தோஷமா இருந்துச்சு.

— அதுல என்ன தப்பு. நல்லவேளை, எனக்கு வந்துச்சு. அந்தக் கேன்டீன் பையனுக்கு இப்பதான் மீச முளைக்குது. நான் ஆடி அடங்கின கட்டை.

— அப்படிச் சொல்லாதீங்க.

— இல்ல தம்பி, வருத்தமாச் சொல்லல. மனசுக்குள்ள போட்டுப் பார்த்தேன். வீட்டுக்காரரு போயி எட்டு வருஷம். ஒரே பொண்ணு. அவளையும் கட்டிக் குடுத்துட்டேன், பத்து மாசம் ஆகப் போகுது. பஸ்ஸுல ஏறினா ஆறு மணி நேரம், நல்ல எடம். மாமியார் கொஞ்சம் வாய்க்காரி, ஆனா சோத்துக்குக் கொற இல்ல. இனிமே எனக்கு வந்தா என்ன, போனா என்ன.

— பரிசோதனைக்கு வரும்போது கூட ஒருத்தர் வந்தா நல்லது. மகள வரச் சொல்லலாமே.

— அவகிட்ட மூச்சு விடக் கூடாது.

— பின்னால எலும்பு மஜ்ஜை மாத்தற நெலம வந்தா சொந்தக்காரங்களோடதுதான் பொருந்தும். உங்க அக்கா தங்கச்சி யாராவது?

— தங்கச்சி ஒருத்தி இருக்கா. வேணும்னா அவளப் பிடிங்க. என் பொண்ணத் தொடக் கூடாது. போன எடத்துல அவ காலூனி நிக்கட்டும். அம்மாக்காரிக்கு ரத்தத்துல நோய்னு அங்க தெரிஞ்சா, அவளையும் ஒரு மாதிரி பார்ப்பாங்க. இது ஒட்டுமா, பரம்பரையா வருமான்னு கேப்பாங்க. நீங்க படிச்சவங்க, இல்லம்பீங்க. அவங்க தலையாட்டிக்கிட்டே சந்தேகப்படுவாங்க.

— சரி. உங்க விருப்பம். ஆனா ரத்தம் இன்னைக்கே எடுக்கணும். எல்லாம் கொண்டு வந்திருக்கேன்.

— இங்கயேவா?

— மேல கூப்பிட்டுப் போனா சூப்பர்வைசர் கேப்பாருல்ல.

— கேப்பான். நோய்னு தெரிஞ்சா நாளைக்கே என் எடத்துக்கு வேற ஆளு நிப்பா. அதையும் யோசிச்சு வெச்சுக்குங்க, எனக்கு நீங்க நல்லது பண்றேன்னு வந்து என்னத்தப் பண்றீங்கன்னு.

— அது... அத நான் பெரிய டாக்டர்கிட்ட பேசறேன்.

— பேசுங்க. உங்க படிப்பே அதானாமே. போன வருஷம் வந்த பொண்ணு சொல்லுச்சு. நோயாளி கட்டில்லேருந்து கேள்விய எடுத்துட்டுப் போயி, பதில மறுபடி கட்டிலுக்கே கொண்டாந்து சேர்க்கறதுன்னு. ஒரு கேள்விய எடுத்துட்டுப் போனீங்க, அஞ்சு மாடி இறங்கி வர்றதுக்குள்ள வருஷம் திரும்பப் போகுது. சரி, கோவிச்சுக்காதீங்க. எந்தக் கை வேணும்?

— எதுனாலும் சரி. இப்படி வெச்சுக்குங்க. இறுக்கிக் கட்டறேன். விரல மடக்குங்க.

— மடக்கிட்டேன்.

— இன்னும் நல்லா. ஒரு நிமிஷம். ம். இதோ... இல்ல. மன்னிச்சுக்குங்க, மறுபடி குத்தணும்.

— குத்துங்க.

— வரமாட்டேங்குது. அந்தக் கையக் குடுங்க.

— இந்தாங்க.

— வலிக்குதா?

— அதெல்லாம் வலிக்கற எடமா. சுடுதண்ணியிலயும் சோடாவுலயும் ஊறி ஊறித் தோலு கட்டையாயிடுச்சு. நரம்பு எங்கயோ உள்ள போயி ஒளிஞ்சுக்கிச்சு. வருஷா வருஷம் உங்க கூட்டத்துக்கு என்கிட்ட வந்தாத்தான் பரீட்ச. மேல ஒரு நர்ஸம்மா இருக்காங்களே, தல நரச்சவங்க, ஊசி போட்டே ஓஞ்சவங்க, அவங்களுக்கே மூணு குத்து, நாலு குத்து ஆகும். கடைசியில புறங்கையிலதான் எடுப்பாங்க.

— எனக்கு அன்னைக்கு அப்படி ஆகலையே.

— ஆகியிருக்கும். மறந்திருப்பீங்க.

— இல்லக்கா, நல்லா ஞாபகம் இருக்கு. முதல் அஞ்சு பேருக்கும் ரெண்டு மூணு குத்து ஆச்சு. வாட்ச்மேன் என்னத் திட்டவே திட்டிட்டாரு. ஆறாவதா நீங்க. இதே கழுவுற மேடைக்குப் பக்கத்துலதான் நின்னீங்க. மடிப்புல நரம்பு பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு, ஒரே குத்து, நெறஞ்சுடுச்சு. அன்னைக்கு அதுதான் எனக்குத் தைரியம் குடுத்துச்சு. உங்களுக்கு நன்றி சொன்னேன். நீங்க ஒரு வார்த்த பேசல, தலைய மட்டும் ஆட்டினீங்க.

— ஒரே குத்தா?

— ஒரே குத்து.

— எனக்கா?

— அட்டை நூத்திப் பதினேழு. நானே பார்த்து எழுதினேன்.

— மொகத்தப் பார்த்தீங்களா?

— முகமூடி, தொப்பி, கண்ணாடி எல்லாம் போட்டிருந்தீங்க. இங்க எல்லாரும் அப்படித்தானே இருக்கீங்க. நான் கையத்தான் பார்த்தேன். பயத்துல கையத் தவிர வேற எதையும் பார்க்கல.

— என்னைக்கு அது? தேதி இருக்கா?

— நோட்டுல இருக்கு. இருங்க. பன்னெண்டாம் தேதி, வியாழக்கிழமை. காலை ஒம்பதே கால். ஏன்?

— வியாழக்கிழமை.

— ஏன் அக்கா?

— கட்ட அவுத்து விடுங்க தம்பி. ஊசிய உள்ள வைங்க.

— இன்னும் ஒரே ஒரு தடவ முயற்சி பண்றேன். புறங்கையில வந்துடும்.

— இந்தக் கையில எடுத்து ஒண்ணும் ஆகப் போறதில்ல. அவுத்து விடுங்க.

— என்னாச்சு? பயமா இருக்கா?

— அன்னைக்கு நான் இங்க இல்ல.

— இருந்தீங்க. குழு அதையும் சரி பார்த்தாங்க. வாசல் பதிவுல உங்க அட்டை காலைல நாலு ஐம்பத்தஞ்சுக்கு வந்திருக்கு, சாயங்காலம்தான் வெளிய போயிருக்கு.

— அட்டை வந்துச்சு. அட்டை எப்பவும் வரும். எங்களுக்கு லீவு கெடையாது தம்பி. ஒரு நாள் வரலன்னா அந்த எடத்துல வேற ஆள நிறுத்திடுவான். அதனால யாருக்காவது வெளிய போற அவசரம் வந்தா வீட்டுல யாராவது அந்த அட்டையக் குத்திக்கிட்டு வந்து நிப்பாங்க. மொகமூடி போட்டா யாருக்குத் தெரியுது. ஆறேழு வருஷமா எல்லாரும் பண்றதுதான். வாய் தொறக்கக் கூடாது, யாரு என்ன கேட்டாலும் தலையாட்டிட்டுச் செஞ்சுடணும். அதுதான் சொல்லி அனுப்புவோம். கைய நீட்டுன்னா நீட்டிடணும்.

— அக்கா... நாப்பத்தாறு வயசுன்னு நான் ஏட்டுலதான் பார்த்தேன்.

— ஏட்டுல இருக்கறது என் வயசு.

— அப்ப அந்தக் கை யாரு கை?

— என் பொண்ணப் பேசி முடிக்கறதுக்கு அன்னைக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருந்தேன் தம்பி. பொண்ணுக்கு நோய் நொடி ஏதாவது உண்டான்னு அந்தம்மா கேட்டாங்க, பத்தொம்பது வயசு முடியுது, இதுவரைக்கும் ஒரு காய்ச்சல் கூட வந்ததில்லன்னு நான் அங்க சொல்லிக்கிட்டு இருந்த நேரம், அவ இங்க என் சட்டையப் போட்டுக்கிட்டு உங்ககிட்ட கைய நீட்டிக்கிட்டு நின்னிருக்கா.